காட்டிடம் சொன்ன சொல்

நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல மதிய வெயில். கதவைத் திறந்த தங்கை என்னைக் கட்டிக்கொண்டாள். தலையிலிருந்து கால்வரை, ஓவிய வண்ணம் கரைக்கும் டர்பென்டைன் நாற்றம். "குளிச்சு எத்தனை நாளாச்சுடி?" என்றேன். வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பாள். அன்று சிரிக்கக்கூட இல்லை.

அது அப்பாவின் நாட்டில், அப்பா பிறந்த வீடு. பின்சுவரை ஒட்டியே காடு. பாதி அம்மா ஊர் மரங்கள், பாதி இந்தக் காட்டு மரங்கள், நடுவில் தான் நிற்பதாக ஒரு படம் வரைய வந்திருந்தாள். தான் யார் என்று அப்போதாவது தெரியும் என்பாள். எனக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. பசித்தால் இரண்டு மொழியிலும் கேட்பேன்.

படத்தின் நடுவே ஒருத்தி நின்றிருந்தாள். முகம் மட்டும் இல்லை. கை முன்னால் நீண்டிருந்தது.

"உன்னை நல்லாத்தான் வரைஞ்சிருக்கே."

"நான் வரையலக்கா," என்று கிசுகிசுத்தாள். "அந்த இடத்தைக் காலியா விட்டிருந்தேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வருது."

நான் படத்தை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன். "காட்டுல என்னடி பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணல. கிளம்பும்போது மரங்ககிட்ட 'வரேன்'னு சொல்லுவேன். அதுங்களுக்கு நம்ம மொழி புரியாதேன்னு அப்பா மொழியில சொன்னேன்."

"அடிப்பாவி! கிளம்பும்போது 'வரேன்'னு சொல்றது நாமதான். அப்பா மொழியில அது 'உன்கிட்டயே வந்துடறேன்'னு ஆயிடுமே!"

இருவரும் படத்தைப் பார்த்தோம்.

முகமில்லாதவள் காத்திருந்தாள்.

"இப்பவே கிளம்பு. அதுக்கு முன்னாடி மரங்ககிட்ட 'போறேன்'னு சொல்லிட்டு வா. அப்பா மொழியிலேயே." வாசல் தாண்டும்போது அந்த வார்த்தையைச் சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள். ஆனால் இவளை மீட்டுக்கொண்டு போக எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் பின்கதவு வழியே போனாள். நான் அவள் பெட்டியைக் கட்டினேன். காட்டில் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை.

சீக்கிரமே திரும்பினாள்.

"சொல்லிட்டியா?"

தலையாட்டினாள். எனக்குப் போன உயிர் திரும்பியது. அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து கதவைப் பூட்டினேன். பூட்டியதும், பழக்கதோஷம், வீட்டைப் பார்த்து வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வரேன்."

வீட்டுக்குப் பின்னால், மரங்களுக்குள்ளிருந்து பதில் வந்தது. தங்கையின் குரல்.

"சீக்கிரம் வாக்கா. பயமா இருக்கு."

பக்கத்தில் நின்றவளின் உதடு அசையவில்லை. அவள் கை மட்டும் என் கையை இறுக்கியது. அதில் டர்பென்டைன் நாற்றமே இல்லை. ஈர இலை வாசனைதான் வந்தது.