எட்டாம் பெட்டிக்கும் ஒன்பதாம் பெட்டிக்கும் நடுவே

எட்டாம் பெட்டி ஒரு பூட்டிய கதவில் போய் முடிந்தது. லான்யினுக்குப் புரியவே இல்லை.

அவளுடைய இருக்கை ஒன்பதாம் பெட்டியில். பையும் அங்கேதான். ஷாங்காயில் தண்ணீர் வாங்க இறங்கியவள், வண்டி கிளம்பும் அவசரத்தில் பக்கத்துப் பெட்டியில் தொற்றிக்கொண்டாள். உள்ளேயே நடந்து போய்விடலாம் என்று நினைத்தாள். ஆனால் எட்டுக்கு அப்புறம் ஒன்பது இல்லை...

தட்டிப் பார்த்தாள்.

"அது டிரைவர் ரூமுங்க. உள்ள யாரும் இல்ல. இன்னும் தட்டுனா உங்களையே ஓட்டச் சொல்லிடுவாங்க."

திரும்பினாள். மழை வழியும் ஜன்னலோரம், சிரிப்பை உதட்டில் மறைத்துவிட்டுக் கண்ணில் மறைக்க மறந்துபோன ஒருவன். பெயர் ஹெங், அன்ஹுயி மாகாணத்திலிருந்து ஷாங்காய்க்கு வந்து மின்தூக்கி பழுதுபார்ப்பவன். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தால் அவனுக்குக் கையும் சேர்ந்து பேசும்.

படகுத் திருவிழா விடுமுறை அல்லவா, கூட்டத்துக்காக இரண்டு ரயில்களை மூக்கோடு மூக்கு கோத்திருக்கிறார்கள் என்றான். எண்கள் வரிசையாகத் தொடரும். வழி தொடராது.

"ஒண்ணாத்தான் ஓடும். ஆனா இதுலேர்ந்து அதுக்கு உள்ளால போக முடியாது. குன்ஷான்ல நிக்கும். இறங்கி ஓடுங்க."

குன்ஷானில் இறங்கி ஓடினாள். ஒன்பதில் ஏறித் திரும்பினால், பின்னாலேயே அவன்.

"உங்க சீட்டு அங்கதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

யோசித்தான். "தெரியலங்க."

அதற்கு ஏன் தன் காது சுட வேண்டும்... அவளுக்கும் தெரியவில்லை.

இருவரும் இறங்க வேண்டிய ஊர் சூசோ. அங்கே ஒரே குடை, அவளுடையது; பிடித்தது அவன். கால்வாயோரக் கல் சந்துகளில், மழை நின்ற பிறகும் அதை மடக்க இருவருக்கும் தோன்றவில்லை. கல்பாலத்தில் ஆணி இல்லாமல் கல்லைக் கல் எப்படித் தாங்குகிறது என்று அவன் விளக்கியதில் பாதிதான் அவள் காதில் விழுந்தது. மீதி நேரம் அவன் இமையில் தங்கிய துளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறால் நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்ததும், எண்ணைக் கேட்கப் போகிறவன் போல் அவன் போனை எடுத்தான்...

அவளுடைய போன் முந்திக்கொண்டது. அம்மா, வீடியோவில்.

"யாருடி அது, ஓரத்துல தோள் தெரியுது? நம்ம ஊருப் பையனா, வெளியூரா?"

ஹெங்கிடம் பொதுச் சீனத்தில் பேசினாலும், அம்மாவுடன் அவள் எப்போதும் ஷாங்காய் வட்டாரப் பேச்சில்தான் பேசுவாள். அன்ஹுயிக்காரனுக்கு அது எங்கே புரியப் போகிறது?

"யாரோ வழி சொன்னவரும்மா. வெளியூர்தான். நமக்கென்ன."

ஹெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டிருந்தான். அவன் போன் பைக்குள் போயிருந்தது. அதன் பிறகு பேச்சும் குறைந்தது. பாலங்களைக் கடந்தார்கள், எதையும் அவன் விளக்கவில்லை. கால் வலிக்கிறதா என்று கேட்டாள், இல்லைங்க என்றான். என்ன ஆயிற்று இவனுக்கு... தனக்குத்தான் என்ன ஆயிற்று, ஒருநாள் பழகியவன் பேசாததற்கு இப்படித் தவிக்க?

திரும்பும் ரயிலுக்கு அவரவர் முன்பே சீட்டு எடுத்திருந்தார்கள். வண்டி ஒன்றுதான். அவளுக்கு ஒன்பது, அவனுக்கு எட்டு.

நடைமேடையில் குடையை அவள் கையில் கொடுத்தான். "ரொம்ப நன்றிங்க. பாத்துப் போங்க."

சுத்தமான ஷாங்காய்ப் பேச்சு. அவள் அம்மா பேசுவது போலவே.

லான்யின் அப்படியே நின்றாள். எத்தனை வருடமாக ஷாங்காயின் பழைய கட்டடங்களில் மின்தூக்கி பார்க்கிறவன்... அந்த வீட்டு அம்மாக்களின் பேச்சு புரியாமலா இருக்கும்? அவள் வாய் திறப்பதற்குள் அவன் எட்டாம் பெட்டியில் ஏறிவிட்டான். கதவுகள் மூடப் போகும் ஓசை எழ, அவளும் தன் பெட்டிக்கு ஓடினாள்.

ரயில் நகர்ந்தது. அவன் எண் அவளிடம் இல்லை. பெட்டியின் முன்கோடி வரை நடந்தாள். அதே மாதிரி பூட்டிய கதவு. அதற்கு அப்பால்தான் இருக்கிறான், அதே வேகத்தில், அதே ஊருக்குப் போய்க்கொண்டு. ஷாங்காயில் இறங்கினால் கூட்டம் விழுங்கிவிடும். வெளியூர்க்காரன் என்றால் அம்மா முகம் சுளிப்பாள்... சுளிக்கட்டுமே? நெற்றியைக் கதவில் வைத்தாள். இங்கிருந்து எப்படி அங்கே...

வண்டி வேகம் குறைத்தது. குன்ஷான்.

பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். மழையில் குடையை விரிக்கக்கூட நினைக்காமல், கோத்துக்கொண்டு நின்ற இரண்டு மூக்குகளையும் தாண்டி ஓடி, எட்டில் ஏறினாள்.

ஹெங் நிமிர்ந்து பார்த்தான். அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மாவுக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். நமக்கென்னன்னது பொய். உங்களைப் பிடிச்சிருக்கு. இப்பவே போன் போட்டு அவங்ககிட்ட உங்க பேரைச் சொல்லட்டுமா?"

அவன் அவள் கையிலிருந்த குடையை வாங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தான். பிறகு அந்தக் கண்ணில் காலையில் பார்த்த சிரிப்பு...

"உங்க சீட்டு அங்கதானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

இந்த முறை அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்படி வருவது என்பதும்தான். இரண்டு ரயில்களுக்கு நடுவே உள்ளே வழி கிடையாது. வண்டி நிற்கும்போது இறங்கி, வெளியே நடந்து, அடுத்ததில் ஏறிக்கொள்ள வேண்டும்.