கெண்டைக்கால் சூடு

ஒடில் காரை நிறுத்தியபோது மாலை நாலு மணி. அக்டோபர் மாத வெயில் பிரான்சின் தியேர் ஊர் மலைச்சரிவில் பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே மரங்களுக்கு அடியில் ஆறு இரையும் சத்தம் கேட்டது.

பின்சீட்டில் கால் நீட்டிச் சாய்ந்திருந்த பாஸ்கால் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான். "பாதை இன்னும் அதே செங்குத்துதானா?"

"உன்னைத் தூக்கிட்டு இறங்க என்னால ஆகாது. முன்னாடியே சொல்லிட்டேன்."

"கேட்டா குத்தமா? கீழ பட்டறையில எங்க தாத்தா படுத்து வேலை செஞ்ச பலகைய ஒரு படம் எடுத்துட்டு வா, போதும்."

அவனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம். ராத்திரிக்கு நாலு தடவை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அவனுக்கு வலியில் தூக்கமில்லை, அவளுக்கு அவனால் தூக்கமில்லை. புருஷன் மேல் ஒடிலுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் அசதி என்று ஒன்று இருக்கிறதே, அது பிரியத்தைக் கேட்டுக்கொண்டா வருகிறது? அவன் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டு, அரை மணியில் வருவதாகச் சொல்லி இறங்கினாள்.

இப்போது காட்சிக்கூடமாகிவிட்ட அந்தப் பழைய கத்திப் பட்டறைக்குள் ஈரக்கல்லும் பாசியும் மணத்தன. வெளியே நீர்ச்சக்கரம் தடதடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ரெமி கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டு எழுந்தான். வருபவர்களுக்கு வேலையைச் செய்து காட்டுவது அவன்தான்.

"இந்த வருஷத்துக்குக் கடைசி ஆள் நீங்கதான் மேடம். நாளையிலேர்ந்து பூட்டு."

சாணைக்கல்லைக் காட்டினான். கல்லுக்கு மேலே ஒரு பலகை. அதில் குப்புறப் படுத்து, மூக்குக்கு ஒரு சாண் கீழே சுழலும் கல்லில் நாள் முழுக்கக் கத்தி தீட்டுவார்களாம். கல்சேறு தெறித்து வயிறு மஞ்சளாகிவிடும். மஞ்சள் வயிறு என்றே ஊர் அவர்களைக் கேலி செய்ததாம்.

"குளிர்காலத்துல கால் விறைச்சிடாதா?" என்றாள் ஒடில்.

"அதுக்குத்தான் நாய். ஆளுக்கு ஒண்ணு வளத்தாங்க. கெண்டைக்கால் மேல ஏறிப் படுத்துக்கும். ஆள் எழுந்தாத்தான் அதுவும் எழுந்திரிக்கும். சம்பளம் கேக்காத வேலைக்காரன்."

"இப்ப நாய் வெச்சிருக்கீங்களா?"

"இல்ல. ஒரு பொம்மை நாயாவது வைக்கலாம்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்." இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

பலகையில் படுத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கொஞ்சம் தயங்கி, அவள் போனை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தான். "நான் போய் மதக அடைச்சுட்டு வரேன். நீங்க உடனே எழுந்துடுங்க, என்ன?"

எழத்தான் நினைத்தாள். ஆனால் உடம்பு அடித்துப் போட்டது போல அந்த மரப்பலகையில் கிடந்தது. வெளியே மதகு இறங்கியது. சக்கரத்தின் சத்தம் தளர்ந்து, விட்டுவிட்டுக் கேட்டு, நின்றது.

எங்கிருந்தோ நனைந்த ரோமத்தின் வாடை வந்தது.

கல்தரையில் நகங்கள் கீறும் சத்தம். ஒரு தடவை. இன்னொரு தடவை.

பிறகு அவள் கெண்டைக்கால்கள் மேல் ஏதோ ஏறிப் படுத்தது.

கத்த வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அது அத்தனை சூடாக இருந்தது. பயத்தைவிட அசதி பெரிதாக இருந்தது. "அஞ்சே நிமிஷம்" என்று முணுமுணுத்தாள். விரல்கள் மரத்தன, பிறகு முழங்கை, பிறகு தோள். பாஸ்கால் என்ற பெயர் ஒரு தடவை நினைவில் வந்து, யாருடைய பெயரோ போல நழுவிப் போனது.

திரும்பி வந்த ரெமி அவளைப் பலகையிலிருந்து இழுத்துத் தரையில் போட்டான்.

"உங்க பேரு என்ன? பேரச் சொல்லுங்க."

"ஒடில்."

"கால் மட்டும் சூடா இருந்துச்சா?"

தலையாட்டினாள். அவன் முகம் வெளுத்துவிட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னான். "எனக்கு முன்னாடி இங்க அன்செல்ம்னு ஒருத்தர் இருந்தாரு. பொண்டாட்டி செத்து ஒரு மாசம்கூட ஆகல. மத்தியானம் சாப்பிட்டு இதே பலகையில கண்ணசந்தாரு. நான்தான் பாத்தேன். உடம்பெல்லாம் ஐஸு, கெண்டைக்கால் மட்டும் சூடு. டாக்டர் மாரடைப்புன்னுட்டாரு. களைச்சுப் போனவங்களைத்தான் அது தேடுது மேடம். கெளம்புங்க."

போனை எடுத்துக்கொண்டு ஏறினாள். பாதி வழியில் பாதையின் காய்ந்த இலைகள் சரசரத்தன. காற்று இல்லை. அவளைத் தாண்டி, அவளுக்கு முன்னால், இலைகள் வரிசையாக ஒதுங்கிக்கொண்டே மேலே போயின.

மேலே அவர்கள் கார் மட்டும்தான் நின்றது, அதற்குள் பாஸ்கால்.

மூச்சிரைக்க ஓடினாள். கார்க் கண்ணாடி இறக்கியபடியே இருந்தது. பாஸ்கால் தலை சாய்த்துக் கிடந்தான். அவன் கால்மேல் போர்வை வட்டமாக, ஆழமாக அமுங்கியிருந்தது. அந்தப் பள்ளம் மூச்சு விடுவது போல மெல்ல ஏறி இறங்கியது.

"பாஸ்கால். எழுந்திரு."

"எழுப்பாத, ஒடில்." அவன் கண்ணைத் திறக்கவில்லை. "வலியே இல்ல."

கையைப் பிடித்தாள். பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. ஓர் இழுப்பு இழுத்தால் போதும், ரெமி அவளை இழுத்தது போல. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ராத்திரிகளில் செய்வது போலவே அவன் அக்குளுக்குள் கையைக் கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அந்த முகம் இப்படி இருந்ததில்லை. இன்றைக்கு நாலு தடவை. நாளைக்கு நாலு தடவை. அதற்கு மறுநாளும்.

அவள் கை தானாகவே வெளியே வந்தது.

சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். அவன் கால்களுக்குப் பக்கத்தில் தன் கால்களை நீட்டிப் போர்வைக்குள் நுழைத்தாள்.

அந்தக் கனம் லேசாகப் புரண்டு, அவளுக்கும் இடம் விட்டது.