ஐந்தாவது குதிரைவால்

தாவரவியல் உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அழைப்பிதழ் அப்படித்தான் சொன்னது. அன்று மாலை, கல்லூரியின் பெரிய கூடத்தில், மனிதக் கண் இதுவரை கண்டிராத ஒரு குதிரைவால் செடி பேராசிரியரின் பெயரைத் தாங்கி வெளிவர இருந்தது. ஏற்கெனவே நான்கு குதிரைவால்கள் அவர் பெயரில் இருந்தன. ஐந்தாவதும் சேர்ந்துவிட்டால் தமக்கு ஒரு சிலை நிச்சயம் என்று அவர் நம்பினார்.

பிற்பகலில் அவர் துப்பறிவாளரின் அறைக்குள் வியர்க்க விறுவிறுக்க நுழைந்தார்.

"என் செடியை யாரோ மாத்திட்டாங்க! பாக்க வந்த ரெண்டு நிபுணர்ல ஒருத்தர் வயல் குதிரைவால்ங்கிறார். இன்னொருத்தர் சதுப்புக் குதிரைவால்னு சத்தியம் பண்றார். ரெண்டுமே கண்ட இடத்துல முளைக்கிற செடி!"

"அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"ஆய்வக உதவியாளர்கிட்ட. அந்த அம்மா வேலைதான் இது. இதோ, வேலைநீக்க உத்தரவுகூட அடிச்சாச்சு. கையெழுத்துதான் பாக்கி."

துப்பறிவாளரின் மனைவியின் தம்பி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டான். "சாவி வச்சிருக்கிறவங்கதான் மாமா, எப்பவுமே."

"நம்ம வீட்டு பிஸ்கட் டப்பா சாவி உன்கிட்டதானே இருக்கு மச்சான்?"

மச்சான் முதல் ஆளாக வாசலைத் தாண்டினான்.

ஆய்வகத்தில், தாளில் ஒட்டிய செடி ஒரு பலகையில் நெட்டுக்குத்தாக நின்றது. இலை, பூ எதுவும் கிடையாது. குச்சிமேல் குச்சியாகச் சொருகினாற்போல் ஒரு பச்சைத் தண்டு, கணுவுக்குக் கணு சுற்றிலும் மெல்லிய கிளைகள்.

"குடுத்ததை அழுத்திக் காயவச்சு ஒட்டினேன் சார்," என்றார் உதவியாளர். "திருடினேன்னு எழுதி அனுப்பினா அப்புறம் எந்த ஆய்வகத்துல என்னைச் சேத்துக்குவாங்க?"

துப்பறிவாளர் உருப்பெருக்கியை மச்சானிடம் கொடுத்தார். "கணுவைச் சுத்திப் பல்லு வச்ச உறை இருக்கு பாரு. கிளையோட முதல் துண்டு அந்த உறையைவிட நீளமா இருந்தா வயல். குட்டையா இருந்தா சதுப்பு."

"கீழே வயல் மாமா. மேலே... சதுப்பு. திரும்பக் கீழே... வயல். எனக்குத் தலை சுத்துது."

"நுனியில?"

"கதிர் மாதிரி ஒண்ணு."

"வயல் குதிரைவால் பச்சைத் தண்டுல கதிர் விடாது. அதுக்குன்னு தனியாப் பழுப்புத் தண்டு விடும். சார், அந்த நிபுணர்கள்ல ஒருத்தர் குள்ளமா?"

"ஆமா. மத்தவர் நெட்டை. எப்படித் தெரியும்?"

"அவங்கவங்க மூக்குக்கு நேரா இருந்ததைப் பாத்துட்டுப் போயிருக்காங்க."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "அதேதான்! கீழே வயல், மேலே சதுப்பு! அதான் புது இனம்!"

"அப்போ செடியை யாரும் மாத்தலையா?" என்றான் மச்சான்.

"மாத்தினாங்க... இல்ல, மாத்தல... இருங்க."

துப்பறிவாளர் நடுக்கணுவில் இரு விரல் வைத்து மெல்ல இழுத்தார். பேனா மூடிபோல் செடி இரண்டாகக் கழன்றது.

"ரெண்டு செடி. ஒண்ணோட உறையில இன்னொண்ணைச் சொருகியிருக்காங்க."

"இந்த அம்மாதான்!" என்று பேராசிரியரும் மச்சானும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"காய்ஞ்சப்புறம் சொருகியிருந்தா உறை நொறுங்கியிருக்கும். இதுல ஒரு பல்லுகூட உடையல. உறையும் தண்டும் ஒண்ணா நசுங்கிக் காஞ்சிருக்கு. அழுத்துறதுக்கு முன்னாடி, பச்சையா இருக்கும்போதே சொருகினது. அதுவரைக்கும் செடி யார்கிட்ட இருந்துச்சு?"

"என்கிட்டதான். குளத்தங்கரையில கை நிறையப் பறிச்சு, கார்ல கொண்டுவந்து, பிரிச்சுப் பாத்தேன். புது இனத்தைக் கண்டதும் இவங்க கையில குடுத்து, அழுத்துற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன்."

"கார்ல வேற யாரு?"

"யாருமில்ல. மாமியார் மட்டும்."

எல்லோரும் கூடத்துக்குப் போனார்கள். மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேள்வி அவருக்கு விநோதமாகப் பட்டது.

"கட்டு மொத்தத்தையும் என் மடியிலதானே போட்டீங்க மாப்பிள்ளை. வழி நெடுக மைக் இல்லாத குறையா பேசிக்கிட்டே வந்தீங்க. நானும் எவ்வளவு நேரம்தான் தலையாட்டுறது? கணு கணுவாக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு வந்தேன். நல்லாப் பொழுது போச்சு."

"எந்தச் செடியை எதுல..."

"அதையெல்லாம் யாரு பாத்தா?"

உதவியாளர் வேலைநீக்க உத்தரவைப் பேராசிரியர் கையிலிருந்து வாங்கி நான்காகக் கிழித்தார். பிறகு ஏதோ யோசித்து, அலமாரிச் சாவியைத் துப்பறிவாளரிடம் நீட்டினார்.

"முன்னாடியெல்லாம் செடி பறிக்கப் போனப்பவும் நீங்க கூடப் போனீங்களாம்மா?" என்று கேட்டான் மச்சான்.

"பின்னே? அந்தக் கட்டை வேற யாரு புடிச்சுக்கிறது?"

ஆய்வக அலமாரியில் இருந்த மற்ற நான்கு குதிரைவால்களும் தொட்டதும் கழன்றன.