முகம் சுளிக்காதே

காலை ஏழு மணிக்குச் சத்துக்குழாய் அன்றைய கூழைக் கக்கி ஓய்ந்ததும், செண்பகா சமையலறைக் கதவைச் சாத்தினாள். பாத்திரம் துலக்குவதற்கென்று மட்டும் கடைகளில் விற்கும் எலுமிச்சம்பழம் ஐந்தைத் தரையில் போட்டாள். மகள்கள் இருவரும் உள்ளங்கையால் அழுத்தி உருட்டினார்கள்.

“நல்லா உருட்டுங்கடி. அப்பதான் சாறு இறங்கும்.”

பத்து வயது நிறைமதி பிழிந்தாள். ஐந்து வயது யாழி விதைகளைப் பொறுக்கி அக்காவின் நெற்றியில் ஒட்டினாள். சர்க்கரை சேர்ப்பதற்கு முன்பே செண்பகா ஒரு கரண்டி சாற்றை யாழியின் வாயில் ஊற்றினாள். குழந்தையின் முகம் கசக்கிய காகிதம்போல் சுருங்கியது.

“சுளிக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது? அக்காவப் பாரு!”

நிறைமதி அரை டம்ளர் சாற்றைத் தண்ணீர்போல் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள்.

“அவளுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே! இது அழுகுணி ஆட்டம்” என்றாள் யாழி.

உண்மைதான். கூழின் நாற்றம் தாங்காமல் குழந்தைகள் துப்பிய காலம் ஒன்று இருந்தது. கூழைத் திருத்துவதைவிட நாக்கைத் திருத்துவது சுலபம் என்று உணவுத் துறை முடிவு செய்தது. ஐந்து வயதில் நாப்படலம். கண்ணுக்குத் தெரியாத பூச்சு. அதன்பின் ஆயுளுக்கும் எந்தச் சுவையும் தெரியாது. நிறைமதிக்குப் பூச அனுமதி கேட்டபோது, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள் செண்பகா. தன்மேலேயே வந்த அந்த ஆத்திரம் இன்னும் அவளுக்கு ஆறவில்லை.

யாழியின் நாக்கையும் அப்படி விட்டுக்கொடுப்பதாக இல்லை. பள்ளியில் சப்பக் கொடுத்த படல வில்லையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, வெளியே வந்து துப்பச் சொல்லியிருந்தாள். இன்று பரிசோதனை. நாக்கில் ஒரு சொட்டுப் புளிப்பு விடுவார்கள். முகம் மாறினால் தீர்ந்தது.

எட்டாவது கரண்டிக்கு யாழியின் முகம் அசையவில்லை. கண் மட்டும் கலங்கியது.

“அடி என் கெட்டிக்காரி!” மீதிச் சாற்றில் தண்ணீரும் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, கூஜாவில் ஊற்றிப் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்தாள் செண்பகா. “அவங்க போனதும் இது முழுக்க உனக்குத்தான்.”

பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தாள். சின்னப் பெண்தான். யாழியின் நாக்கில் ஒரு சொட்டு விட்டாள். யாழி கல்லாக நின்றாள். பிறகு, மெல்ல, அவள் உதடுகள் விரிந்தன. சிரித்துவிட்டாள்.

“புளிப்புக்கு எல்லா அம்மாவும் பழக்கிடுறீங்க. அதான் இந்த மாசத்துலேர்ந்து தேன்” என்றாள் ஆய்வாளர்.

“பச்சப் பிள்ளைக்குத் தேனக் காட்டிப் பிடிக்கிறீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?”

“கூழு குடிக்காம எலும்பாப் போன பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன்க்கா. நாக்க நீட்டு கண்ணு.”

இன்னும் கொஞ்சம் தேன் கிடைக்கும் என்று யாழி ஆசையாக நாக்கை நீட்டினாள். செண்பகா பாய்ந்து வருவதற்குள் படல மருந்து ஒரே பீச்சு. வேலை முடிந்தது.

ஆய்வாளர் போன பிறகும் செண்பகா மூடிய கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். யாழி பாத்திரங்களுக்குப் பின்னாலிருந்து கூஜாவை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

“அம்மா, சர்க்கரை போட மறந்துட்ட.”

செண்பகா எறிந்த கரண்டி சுவரில் மோதித் தெறித்தது. அவள் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

நிறைமதி தங்கையின் காதருகே குனிந்தாள். “இன்னொரு வாய் குடிச்சிட்டு மூஞ்சியச் சுளி. அம்மா அழுகைய நிறுத்திருவாங்க.”

யாழி குடித்தாள். பிறகு அம்மாவின் முன்னால் வந்து நின்று, கண்களை இறுக்கி, மூக்கைச் சுருக்கி, அழகாக முகத்தைச் சுளித்துக் காட்டினாள்.