சர்க்கரைக் காவலன்

செவ்வாயின் செந்தரைக் குடியிருப்பில் விடிந்ததும் முதல் சாப்பாடு வீட்டுப் பூஞ்சைக்குத்தான். முந்தைய நாள் மிச்சத்தை அடுப்படிக் குழியில் கொட்டி மூடினால், தின்று செரித்து உரமாக்கிவிடும். கண்ணாடிக் கூடாரத்துக்குள் வரிசையாக நிற்கும் மூங்கில் நார் வீடுகளின் சுவர்களை மட்டும் தொடாது. நாரைச் செரிக்கும் மரபணுக்களைப் பூட்டி வைத்தவள் வேதவல்லி. அதற்கு விருது வாங்கியவர் அவளுடைய ஆய்வகத் தலைவர் கிருபாகரன்.

மேடையில் அவர் அவள் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எல்லோரோடும் சேர்ந்து அவளும் கைதட்டினாள். இந்த மனுஷன் வீடு இவர் கண்ணெதிரேயே உதிரணும் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

பூட்டைக் கழற்றிய பூஞ்சை ஒன்றை ரகசியமாக வளர்த்தாள். அதில் இயற்கை வைத்த தடை ஒன்றுதான் மிச்சம்: ஆய்வகத்தில் சர்க்கரைக் காவலன் என்று அழைக்கப்பட்ட மரபணு. இனிப்பு கிடைக்கும்வரை அது நார் செரிக்கும் மரபணுக்களைத் தலைதூக்க விடாது. இனிப்பு தீர்ந்தால் ஒதுங்கிக்கொள்ளும். எந்த வீட்டில்தான் இனிப்பு தீராது?

கிருபாகரன் தன் வீட்டில் வைத்த விருது விருந்துக்கு அவளையும் அழைத்திருந்தார்.

"வாம்மா வேதவல்லி! நீயும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணியிருக்கியே."

"உங்க பெருந்தன்மை சார்." சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனவள் குழியில் தன் பூஞ்சையின் வித்துத் தூளைத் தூவினாள்.

பிறகு தினமும் அவர் தெரு வழியாகவே வேலைக்குப் போனாள். அவர் வீட்டுச் சுவர் கல்லாக நின்றது. ஒரு காலை, சொந்தப் படுக்கையறைச் சுவரில் சாய்ந்தாள். அது ஊறிய ரஸ்க்காக உள்ளே போனது. விருந்தன்று சேலையில் ஒட்டி வந்த வித்துகள். அவள் சர்க்கரையில்லாத காப்பி குடிப்பவள், அளந்து சமைத்துத் தட்டை வழித்துச் சாப்பிடுபவள். அவள் குழியில் இனிப்பென்று ஒரு துளியும் இல்லை. கூரை மாலைக்குள் விழுந்தது.

விசாரணைக்குழு இரண்டு வீட்டிலும் ஒரே பூஞ்சையைக் கண்டது. பூட்டு தானாகத் தளர்ந்ததாக எழுதிக்கொண்டது.

"எங்க வீட்டுக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?" என்று கேட்ட கிருபாகரனின் மனைவி மங்களா, தானே சொன்னாள்: "வைக்கிற பாயசத்துல பாதி தினமும் குழிக்குத்தானே போகுது!"

பூட்டு எந்த வீட்டிலும் தளரலாம் என்பதால், ஒவ்வொரு வீடும் தினமும் குழியில் இனிப்பு வீணாக்க வேண்டும் என்று நிர்வாகம் ஆணையிட்டது. அந்த யோசனைக்காகக் கிருபாகரனுக்கு இரண்டாவது விருது கிடைத்தது. வீடிழந்த வேதவல்லிக்கு அவர் வீட்டிலேயே அறை ஒதுக்கினார்கள்.

முதல் நாள் சாப்பாட்டில் அவள் கேசரியில் பாதியை முடித்திருந்தாள். கிருபாகரன் கிண்ணத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"முழுசா சாப்பிடாதேம்மா. வீணாக்கக் கத்துக்கோ. நாலு பேர் நல்லா இருக்க வேண்டாமா?"

பல்லைக் கடித்தபடி எழுந்துபோய்ப் பாதிக் கேசரியைக் குழியில் கொட்டினாள்.