விவரம் போதாது

மூடிப் பூட்டிய புகார் திறந்திருந்தது.

தேவசேனா கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை இன்னொரு முறை பார்த்தாள். எண் நூற்றுப் பதினேழு. 'விவரம் போதாது' என்று அவளே லேபிள் ஒட்டி, மூடி, இனி யாரும் எதுவும் எழுத முடியாதபடி பூட்டியது. சித்தூரில் மதியம் மூன்று மணி. மாங்கூழ் ஆலையின் புளித்த இனிப்பு வாடை ஜன்னல் வழியாக வந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, மேலே ஃபேன் கரகரவென்று சுற்ற, அதற்கும் அடியில் எங்கேயோ தடக், தடக் என்று தறி ஓடும் சத்தம் மெதுவாகக் கேட்பதுபோல் இருந்தது. இந்தத் தெருவில் தறி கிடையாது.

எரிச்சல் தலைக்கேறியது. விசைத்தறியில் இழை அறுந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஒரு சின்னப் பெட்டி. அதற்கான மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி, ஓப்பன் சோர்ஸாக, கல்லூரியில் பத்துப் பேர் சேர்ந்து ஆரம்பித்தார்கள். வேலை கிடைத்ததும் எட்டுப் பேர் கம்பி நீட்டிவிட்டார்கள். புரோகிராம் எழுத சுரேஷ்பாபு. குவியும் புகார்களைப் பிரித்து லேபிள் ஒட்ட இவள். புகார் எழுதுகிறவர்களுக்கோ ஒரு படிவத்தை நிரப்பத் துப்பில்லை. எந்த வெர்ஷன், எந்த மோட்டார், ஒன்றும் சொல்லமாட்டார்கள். 'வேல செய்யல' என்று ஒரே வரி. இவள் என்ன ஜோசியமா பார்ப்பாள்?

நூற்றுப் பதினேழும் அப்படித்தான் வந்தது. ஏகாம்பரகுப்பத்திலிருந்து செல்வி என்று ஒருத்தி எழுதியிருந்தாள்: 'நிறுத்தின தறி தானா ஓடுது.' விவரம் போதாது. பதினான்கு நாள் பதில் வராவிட்டால் புகார் தானே மூடிக்கொள்ளும், மூடிக்கொண்டது. செல்வி புதிதாக இன்னொன்று எழுதினாள். 'ஏற்கெனவே வந்தது' என்று ஒட்டி, மூடிக்கிடந்த பழையதையே போய்ப் பார்க்கச் சொன்னாள் தேவசேனா. அங்கே போய்ச் செல்வி மறுபடியும் அதே வரியை எழுதியபோதுதான், கோபத்தில் பூட்டினாள்.

இப்போது அதன் அடியில் புது வரி. 'கரண்ட் இல்ல. அப்பவும் ஓடுது.'

மூடினாள். திறந்துகொண்டது. திரும்ப மூடினாள். திரும்பத் திறந்துகொண்டது.

சுரேஷ்பாபுவுக்குப் போன் போட்டு, எவன் என் வேலையில் கை வைக்கிறான் என்று கத்தித் தீர்த்தாள். அவன் தன் கம்ப்யூட்டரில் பார்த்தான்.

"நீதான் தொறந்துக்கினு இருக்கிற தேவசேனா. உன் பேருதான் காட்டுது." பிறகு குரல் இறங்கியது. "அந்த செல்வியக்கா போன மாசமே செத்துப் பூட்டாங்க. நின்ன தறியில அறுந்த இழய முடிஞ்சுக்கினு இருக்கச்சொல்ல, அது தானா ஓடி, முந்தானை மோட்டார் பெல்ட்டுல மாட்டிக்கிச்சாம். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

யாரும் சொல்லவில்லை. சொல்லாத அவன்மேல் ஆத்திரம் வந்தது. படிவத்தை நிரப்பாத செல்விமேல் வந்தது. மூன்று முறை எழுதினாளே பாவி, மூன்று முறை எழுதினாளே என்று தன்மேலேயே வந்தது. அப்புறம்தான் உறைத்தது. நகரியில் அக்கா காஞ்சனாவின் தறியிலும் அதே பெட்டி. பொங்கலுக்குப் போனபோது இவள் கையாலேயே மாட்டியது.

அக்கா உடனே போனை எடுத்தாள்.

"அக்கா, தறிகிட்டயா இருக்கிற? தள்ளி வா."

"கரண்டே இல்லடி. நாலு இழ அறுந்துகினு கீது, முடிஞ்சிட்டு வரேன். இரு, ஸ்பீக்கர்ல போடறேன்."

திரையில் புது வரி. 'குனிஞ்சிட்டா.'

"அக்கா. கைய எடு."

தடக்.

அக்கா பதில் சொல்லவில்லை. கத்தவும் இல்லை. போன் துண்டிக்கப்படவில்லை.

தடக். தடக்.

திரையில் புதுப் புகார் வந்தது. அனுப்பியவர், காஞ்சனா. அக்காவுக்கு அந்தப் புகார்த் தளத்தில் கணக்கே கிடையாது. திறந்தால் உள்ளே ஓர் எழுத்தும் இல்லை.

தடக். இன்னொன்று. தடக். இன்னொன்று. எல்லாம் காஞ்சனா. எல்லாம் வெறுமை. வந்த கணமே ஒவ்வொன்றிலும் தேவசேனாவின் பெயரில் லேபிள் ஒட்டிக்கொண்டது. விவரம் போதாது. விவரம் போதாது.

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மேஜையில் மவுஸ் நகர்ந்துகொண்டிருந்தது.