ஆமென் சொல்லும் வரை

ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது என்பது ஜெசிதாவுக்குச் சின்ன வயதிலேயே ஊறிப்போன பழக்கம். அன்று பின்னேரமும் அவள் வேண்டுமென்று திறக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்த வலது கண், அதன்மேல் ஒட்டியிருந்த ஊடுதெரியும் பிளாஸ்டிக் மூடிக்குள் கசிந்து உறுத்தியதில் இமை தானாகப் பிரிந்துவிட்டது. அவளுக்காக ஜெபிக்க முன்னறையில் கூடியிருந்தவர்கள் எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடியிருந்தார்கள். வாசலோரச் சிவப்புக் கதிரையில் இருந்த ஒருத்தி மட்டும் தலையை நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபைக்காரப் பெண் யாரோ என்றுதான் ஜெசிதா நினைத்தாள். வெள்ளைச் சேலை, மடியில் கோத்த கைகள். கண்ணுக்குள் வைத்த புது வில்லை அவ்வளவு தூரத்திலும் சேலைக் கரையின் நூலைக்கூடக் காட்டியது. பழைய வில்லை இருந்த இடது கண்ணாலும் பார்ப்போமென்று வலது கண்ணைக் கையால் மறைத்தாள். கதிரையில் ஒரு நனைந்த குடை மட்டும் சாய்ந்து கிடந்தது.

கையை எடுத்தாள். வெள்ளைச் சேலைக்காரி இருந்தாள். போதகர் நேசராஜா ஐயா “ஆமென்” என்றதும் எல்லோரும் கண் திறந்தார்கள். குடை மட்டும் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் ‘சோடாப்போத்தல்’ என்று பட்டம் வாங்குமளவுக்குத் தடித்த கண்ணாடி போட்டவள் ஜெசிதா. கலியாணத்துக்கு முன் கொழும்பில் இரண்டு கண்ணுக்குள்ளும் வில்லை வைத்து அந்தக் கண்ணாடியைத் தொலைத்தாள். வைத்த வில்லைகள் கண்ணுக்குப் பெரிது என்பது இப்போதுதான் தெரிந்தது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மாற்றாவிட்டால் நரம்பு செத்துப் பார்வையே போய்விடும். முதலில் வலது, அடுத்த கிழமை இடது என்றார் வைத்தியர். கண்ணை விறைக்க வைத்து, மூட முடியாதபடி இமைகளைக் கம்பியால் விலக்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். வலி இல்லை. மூட முடியாத கண்ணுக்கு நேரே பெரிய வெளிச்சமும், அதன் பின்னால் அசையும் நிழல்களும். இனி எதைப் பார்த்தாலும் அதைவிட மோசமாக இருக்காது என்று நினைத்திருந்தாள், பாவம்.

மறுநாளும் பின்னேர ஜெபம். பலாலி வீதி பஸ்கள் தண்ணீரை அடித்துக்கொண்டு போகும் சத்தத்துக்கு மேலாக ஐயாவின் குரல் ஏறி இறங்கியது. ஐயா ஜெபிக்கத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிவிடும் என்பது திருநெல்வேலிச் சபையில் எல்லோருக்கும் தெரிந்த பகிடி. நோயாளியில் தொடங்கி, வைத்தியர்கள், தாதிமார், நாட்டுத் தலைவர்கள், பிறகு உலகம் முழுவதும் போய்த்தான் ஆமென்னுக்கு வருவார். ஜெசிதா கண்ணை இறுக்க மூடியிருந்தாள். அறையில் ஒரு வாசம். மழை நாளில் காயாமல் கிடந்த துணியின் வாசம். நேற்று வாசலோரம் அடித்தபோது நனைந்த குடை என்று நினைத்த வாசம் இன்று கிட்ட வந்திருந்தது.

வலது கண்ணைத் திறந்தாள்.

அறையின் நடுவில், அயல்வீட்டு நிரோஜா தன் பக்கத்தில் கைப்பை வைத்திருந்த வெறுங்கதிரையில் இருந்தாள் அவள். இப்போது முகம் தெரிந்தது. இமைகள் மேலும் கீழும் விலகி நின்றன, கம்பி போட்டு விலக்கியதைப் போல. கம்பி இல்லை. நிரோஜா கண்ணைத் திறக்காமலே, குளிர்ந்தவள்போல் அந்தப் பக்கக் கையைத் தடவிக்கொண்டாள்.

எல்லோரும் போனபின் கணவன் லெனாட்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“புதுசிலை வெளிச்சமும் நிழலும் அப்பிடி இப்பிடித் தெரியும் எண்டு டொக்டர் முதலே சொன்னவர்தானே.”

“நிழலில்லையப்பா. எல்லாரும் கண்ணை மூடேக்கைதான் அவ வாறா. கிட்டக் கிட்ட வாறா. இடது கண்ணுக்கு மட்டுந்தான் தெரியேல்லை. அதையும் மாத்தினா... அது எனக்கு வேண்டாம்.”

“மாத்தாட்டிக் கண் போயிடும் ஜெசி. குருடாயிருக்கப் போறீரே?”

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

தாய் நவமணியிடம் கேட்டது வேறு விதமாக முடிந்தது.

“கொஞ்ச நாளைக்குக் கூட்டம் வேண்டாமம்மா.”

நவமணி கொண்டுவந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு மகளின் பக்கம் திரும்பினாள். இந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது.

“ஜெபம் வேண்டாமெண்டு சொல்லுறது நீயில்லைப் பிள்ளை, உன்ரை பயம். இனி ஐயாவை ஒவ்வொரு நாளும் வரச் சொல்லுறன்.”

சொன்னபடியே செய்தாள். ஜெசிதா பிறகு கண் திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை. வாசம் சொன்னது.

அடுத்த கிழமை பார்த்தபோது இடது கண்ணில் அழுத்தம் இன்னும் ஏறியிருந்தது. கம்பி. வெளிச்சம். வெறுங்கதிரையை வெறுங்கதிரையாகவே காட்டிய வில்லையை எடுத்து எங்கோ போட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் அவள் அறையை விட்டு வரமாட்டேன் என்றாள். அதனாலென்ன, கதிரைகளையெல்லாம் கட்டிலைச் சுற்றிப் போட்டார்கள்.

“ஒரு கதிரையும் மிச்சம் வையாதேங்கோ,” என்று லெனாட்டின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

“ஓம், ஓம்.” மிச்சக் கதிரைகளை அவன் வெளியே கொண்டுபோனான். ஆளுக்கொரு கதிரை. இரண்டு கண்ணாலும் சுற்றிப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள். வெள்ளைச் சேலைக்காரிக்கு இருக்க இடமில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு ஜெசிதாவுக்கு முதல்முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

“கண்ணை மூடு பிள்ளை,” என்றாள் நவமணி.

மூடினாள். லெனாட் பக்கத்துக் கதிரையிலிருந்து அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டான். ஐயா தொடங்கினார்.

கட்டிலின் இடது பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

அம்மாதான். அம்மாவாகத்தான் இருக்கும். ஆனால் “ஸ்தோத்திரம்” என்ற அம்மாவின் குரல் கால்மாட்டிலிருந்து வந்தது.

காயாத துணி வாசம்.

ஜெசிதா முனகினாள். அது ஜெபத்தில் உருகிய அழுகை என்று எல்லோரும் நினைத்தார்கள். “ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்,” என்று இன்னும் உரத்துச் சொன்னார்கள். லெனாட் கண்ணைத் திறக்காமலே அவள் கையை ஆதரவாக அழுத்தினான்.

இடது கண்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடி பிரிந்தது. பொறுமையாக. தாதி செய்வதைப்போல.

ஈர விரல் ஒன்று மேலிமையில். ஒன்று கீழிமையில்.

இறுக்கினாள். இறுக்கினாள். விரல்கள் அவசரப்படவில்லை. இமை விலகியது.

ஒரு சாண் தூரத்தில் அந்த முகம். மூடாத இரண்டு கண்கள். அதைச் சுற்றிலும் குனிந்த தலைகள், மூடிய கண்கள், அவளுக்குப் பிரியமான எல்லோரும்.

அடுத்த கண்ணுக்கு விரல்கள் நகர்ந்தன. ஐயா இன்னும் வைத்தியர்களுக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார்.